விநாடிகளில் விற்றுத் தீர்ந்த செல்பேசிகள்: வெளியே வராத இருப்புக் கணக்கு

புது தில்லி: சீன நிறுவனமான ஷாவ்மியின் "ரெட்மி 1எஸ்" என்ற ஸ்மார்ட்போன், 2014-ஆம் ஆண்டு செப்டம்பர் 2-ஆம் தேதி ஃபிளிப்கார்ட் இணையதளத்தில் முதல் முறையாக விற்பனைக்கு வந்தது. விலை ரூ.5,999. அன்றைய தினம் விற்பனைக்கு வைக்கப்பட்டவை 40,000 செல்பேசிகள். அவை அனைத்தும் 4.2 விநாடிகளில் விற்றுத் தீர்ந்துவிட்டதாக அறிவிக்கப்பட்டது.

செய்திகளில் முன்னிலை பெற்றது 4.2 என்ற எண். 40,000 என்ற எண் அதற்குப் பின்னால் ஒதுங்கிக் கொண்டது. ஒரு பொருள் எவ்வளவு வேகமாக விற்றது என்பது அதன் சிறப்புக்கு அத்தாட்சியாகக் கொள்ளப்பட்டது. அடுத்த வாரம், அதற்கடுத்த வாரம் என்று அதே காட்சி திரும்பத் திரும்ப அரங்கேறியது. மற்ற நிறுவனங்களும் அதே வழியைப் பின்பற்றின.

எத்தனை செல்பேசிகள் விற்பனைக்கு வைக்கப்பட்டன, எத்தனை பேர் காத்திருந்தனர், அவர்களில் எத்தனை பேர் வெறுங்கையுடன் திரும்பினர் என்ற கேள்விகள் அப்போது அதிகம் எழவில்லை. பத்தாண்டுகளில் அந்தக் கேள்விகள் செல்பேசிப் பிரியர்களின் வட்டத்தைத் தாண்டி, மத்திய நுகர்வோர் விவகாரத் துறையின் விதிகளிலும், இந்தியப் போட்டி ஆணையத்தின் விசாரணையிலும், நாடாளுமன்ற நிலைக்குழுவின் அறிக்கையிலும் வெவ்வேறு வடிவங்களில் இடம்பெற்றுவிட்டன. ஆனால், முழுமையான விடை இன்னும் கிடைத்தபாடில்லை.

தொடங்கிய விதம்: இந்தியாவில் 2014-ஆம் ஆண்டு செல்பேசி விற்பனை முறையில் ஒரு திருப்புமுனை. அந்த ஆண்டு பிப்ரவரியில் மோட்டோரோலாவின் "மோட்டோ ஜி" கடைகளுக்கு வராமல் ஃபிளிப்கார்ட் தளத்தில் மட்டும் விற்கப்பட்டது. ஜூலை 22-ஆம் தேதி ஷாவ்மியின் "எம்ஐ 3" ரூ.13,999 விலையில் அதே தளத்துக்கு வந்தது. முதல் விற்பனை 40 நிமிஷங்களுக்குள் முடிந்தது. ஒரு வாரம் கழித்து நடந்த இரண்டாவது விற்பனைக்கு சுமார் 5 விநாடிகளே பிடித்தன. செப்டம்பரில் ரெட்மி 1எஸ் வந்தது. டிசம்பர் 2-ஆம் தேதி ரூ.8,999 விலையுள்ள "ரெட்மி நோட்" செல்பேசிகள் 50,000, ஆறு விநாடிகளில் தீர்ந்தன. 2016 பிப்ரவரியில் மற்றொரு சீன நிறுவனமான லீஈகோ, தனது 70,000 செல்பேசிகள் 2 விநாடிகளில் விற்றுவிட்டதாக அறிவித்தது.

"ஃபிளாஷ் சேல்" என்றழைக்கப்படும் இந்தத் திடீர் விற்பனையின் நடைமுறை எளிமையானது. செல்பேசி வாங்க விரும்புவோர் இணையதளத்தில் முன்கூட்டியே பெயரைப் பதிவு செய்துகொள்ள வேண்டும். குறிப்பிட்ட நாளில், குறிப்பிட்ட நேரத்தில் விற்பனை திறக்கப்படும். அந்தக் கணத்தில் யாருடைய கட்டளை நிறுவனத்தின் கணினியை முதலில் எட்டுகிறதோ அவருக்கே செல்பேசி. மற்றவர்கள் அடுத்த வாரத்துக்கு மீண்டும் பதிவு செய்ய வேண்டியதுதான்.

பதிவு செய்தவர்கள் அனைவரும் அந்த நேரத்துக்குத் தயாராகக் காத்திருப்பார்கள் என்பதால், கதவு திறந்தவுடன் பொருள் தீர்ந்துவிடுவது இயல்பே. ரேஷன் கடையில் ஆயிரம் குடும்ப அட்டைதாரர்கள் வரிசையில் நிற்க, நூறு லிட்டர் மண்ணெண்ணெய் மட்டுமே வந்து சேர்ந்தால் அது எவ்வளவு நேரத்தில் தீரும் என்பது அனைவரும் அறிந்ததே. அந்த வேகத்தைக் கொண்டு மண்ணெண்ணெயின் தரத்தை யாரும் புகழ்வதில்லை.

கணக்கு என்ன சொல்கிறது?: சந்தை ஆய்வு நிறுவனமான ஐடிசியின் கணக்குப்படி, 2014-ஆம் ஆண்டு இந்தியச் சந்தைக்கு வந்த ஸ்மார்ட்போன்களின் எண்ணிக்கை சுமார் 8 கோடி. நாளொன்றுக்கு சராசரியாக 2 லட்சத்து 19 ஆயிரம். அந்தக் கணக்கில் 40,000 என்பது, நாடு முழுவதும் சந்தைக்கு வந்த செல்பேசிகளில் நான்கரை மணி நேரத்துக்கான அளவு மட்டுமே. விநாடிக்கு 9,500 செல்பேசிகள் விற்றன என்று சொன்னால் பிரமிப்பு ஏற்படும். நாட்டின் நான்கரை மணி நேரத் தேவையை ஈடுகட்டும் அளவுக்கே சரக்கு இருந்தது என்று சொன்னால் அந்தப் பிரமிப்பு வடிந்துவிடும். இரண்டும் ஒரே விற்பனையைப் பற்றிய கணக்குகள்தான்.

காத்திருந்தவர்கள் 1 லட்சம் பேர் என்றாலும், 10 லட்சம் பேர் என்றாலும் 40,000 செல்பேசிகள் சில விநாடிகளில் தீர்ந்துவிடும். ஆகவே, விநாடிக் கணக்கிலிருந்து உண்மையான தேவை எவ்வளவு என்பதை அறிய இயலாது. தேவை இருப்பைவிட அதிகம் என்பதை மட்டுமே அது உணர்த்தும்.

இதற்கு ஷாவ்மியின் பிற்கால விற்பனையிலேயே சான்று இருக்கிறது. 2017 ஜனவரி 23-ஆம் தேதி விற்பனைக்கு வந்த "ரெட்மி நோட் 4" செல்பேசிகள் இரண்டரை லட்சம், 10 நிமிஷங்களில் விற்றதாக நிறுவனம் தெரிவித்தது. ரெட்மி 1எஸ் விற்பனையுடன் ஒப்பிட்டால், எடுத்துக்கொண்ட நேரம் ஏறத்தாழ 140 மடங்கு. விநாடிகளை வைத்து மதிப்பிட்டால் இது பெரும் சரிவு. விற்ற செல்பேசிகளை எண்ணினால் ஆறு மடங்குக்கும் அதிகமான வளர்ச்சி. 45 நாள்களில் அந்த செல்பேசியின் விற்பனை 10 லட்சத்தை எட்டியது. அந்த ஆண்டின் கடைசி காலாண்டில் சாம்சங்கைப் பின்னுக்குத் தள்ளி ஷாவ்மி இந்தியச் சந்தையில் முதலிடத்தைப் பிடித்தது. விநாடிச் சாதனைகள் குவிந்த 2014-இல் அந்த இடம் அதற்குக் கிட்டவில்லை. சரக்கு தாராளமாகக் கிடைத்த பின்னரே கிட்டியது.

பற்றாக்குறையின் நியாயங்கள்: அனைத்துத் தட்டுப்பாடுகளும் திட்டமிட்டு உருவாக்கப்பட்டவை என்று கூறிவிட முடியாது. செல்பேசியின் திரை, சில்லு, கேமரா போன்ற உதிரி பாகங்களுக்குப் பல மாதங்கள் முன்னதாகவே ஆர்டர் கொடுக்க வேண்டும். புதிய மாடலை உருவாக்கும் ஆலையில் தொடக்க வாரங்களில் உற்பத்தி குறைவாகவே இருக்கும். 2014-இல் ஷாவ்மியின் செல்பேசிகள் சீனத்திலிருந்து இறக்குமதி செய்யப்பட்டன. இந்தியாவில் புதிதாகக் கால் பதிக்கும் நிறுவனம், சந்தையின் ஆழம் தெரியாமல் லட்சக்கணக்கில் சரக்கைக் குவித்தால் கையைச் சுட்டுக்கொள்ள நேரிடும்.

அவ்வாறு கையைச் சுட்டுக்கொண்ட பெரிய நிறுவனங்கள் உண்டு. விற்காமல் தேங்கிய செல்பேசிகளால் 2013-ஆம் ஆண்டு பிளாக்பெர்ரி நிறுவனம் ஒரே காலாண்டில் சுமார் 93 கோடி டாலரை நஷ்டக் கணக்கில் எழுத நேர்ந்தது. அவற்றில் பெரும்பாலானவை அந்த ஆண்டு அறிமுகமான "இசட் 10" செல்பேசிகள். மறு ஆண்டே அமேசான் தனது "ஃபயர்" செல்பேசியின் பெயரில் 17 கோடி டாலரை எழுதிக் கழித்தது. செல்பேசி என்பது மாதந்தோறும் மதிப்பிழக்கும் சரக்கு. கிடங்கில் தங்கும் ஒவ்வொரு நாளும் இழப்புதான். ஆகவே, குறைவாகத் தயாரித்து முழுவதையும் விற்பது முன்னெச்சரிக்கை சார்ந்த வணிக முடிவே.

உதிரி பாகங்களின் விலை காலப்போக்கில் குறையும் என்பதும் இதில் ஓர் அம்சம். மாதங்கள் செல்லச் செல்ல அதே செல்பேசியைக் குறைந்த செலவில் தயாரிக்க இயலும். குறைந்த லாபத்தில் விற்கும் நிறுவனத்துக்கு முதல் வாரத்திலேயே முழுச் சரக்கையும் விற்றுவிட வேண்டிய அவசியம் இல்லை. விளம்பரத்துக்கும் விநியோகஸ்தர்களின் கமிஷனுக்கும் செலவிடாததால்தான் ரூ.5,999-க்கு அத்தகைய செல்பேசியைத் தர முடிந்தது என்ற வாதத்திலும் உண்மை உண்டு. அதனால் பயனடைந்தவர்கள் நடுத்தர வர்க்கத்தினரும் மாணவர்களுமே.

இதன் மறுபக்கமும் கவனத்துக்குரியது. நான்கு விநாடிகளில் தீர்ந்தது என்ற செய்தியே விலையில்லா விளம்பரம் ஆனது. செல்பேசி கிடைத்தவர் அதைப் பெருமையாகப் பேசினார். கிடைக்காதவர் அடுத்த வாரம் மீண்டும் காத்திருந்தார். இயல்பான காரணத்தால் ஏற்பட்ட தட்டுப்பாட்டுக்கும், பரபரப்புக்காகப் பேணப்படும் தட்டுப்பாட்டுக்கும் இடையேயான வேறுபாட்டை வெளியிலிருந்து காண்பவர் அறிய இயலாது. இருப்பு விவரம் நிறுவனத்திடம் மட்டுமே இருப்பதுதான் இதற்குக் காரணம்.

அழைப்பு பெற்றவர்கள் மட்டுமே வாங்கலாம் என்ற முறையில் 2014-இல் விற்பனையைத் தொடங்கிய ஒன்பிளஸ் நிறுவனம், 2016 ஜூனில் "ஒன்பிளஸ் 3" அறிமுகமானபோது அந்த முறையைக் கைவிட்டது. ஷாவ்மியும் 2015 ஆகஸ்டில் ஆந்திரத்தின் ஸ்ரீசிட்டியில் உற்பத்தியைத் தொடங்கியது. 2017 மே மாதத்தில் பெங்களூரில் தனது முதல் கடையைத் திறந்தது. தட்டுப்பாடு ஒரு நிறுவனத்தை அறிமுகப்படுத்தப் பயன்படலாம், நிலைநிறுத்தப் பயன்படாது என்பதை அந்த நிறுவனங்களின் பாதையே காட்டுகிறது.

ஆப்பிளின் ஒப்புதல்: அறிமுக விற்பனைக் கணக்கு இருப்பைச் சார்ந்தது என்பதை வெளிப்படையாக ஒப்புக்கொண்ட நிறுவனம் ஆப்பிள். 2007 ஜூனில் முதல் ஐபோன் அமெரிக்காவில் வெளியானபோது, முதல் 30 மணி நேரத்தில் 2 லட்சத்து 70 ஆயிரம் விற்றதாக அந்நிறுவனம் அறிவித்தது. 2012-இல் ஐபோன் 5 முதல் மூன்று நாள்களில் 50 லட்சத்தைத் தாண்டியது. 2013-இல் 90 லட்சம், 2014-இல் 1 கோடி, 2015-இல் 1.3 கோடி என்று முதல் வார இறுதிக் கணக்கு ஆண்டுதோறும் உயர்ந்தது. பங்குச் சந்தை முதலீட்டாளர்கள் செப்டம்பர் மாதம்தோறும் அந்த எண்ணுக்காகக் காத்திருந்தனர்.

அந்த எண்களுக்குப் பின்னால் இருந்த வேறுபாடுகள் எளிதில் கண்ணில் படவில்லை. 2013-ஆம் ஆண்டின் முதல் நாள் விற்பனையில் சீனம் சேர்க்கப்பட்டிருந்தது. 2014-இல் அங்கு அனுமதி தாமதமானதால் சேர்க்கப்படவில்லை. 2015-இல் மீண்டும் சேர்ந்தது. அதாவது, ஒப்பிடப்பட்ட ஆண்டுகள் ஒரே அளவுகோலைக் கொண்டவை அல்ல. கூடுதல் சரக்கு இருந்திருந்தால் இன்னும் அதிகம் விற்றிருக்கும் என்று 2014-இல் தலைமைச் செயல் அதிகாரி டிம் குக் கூறியதும் இங்கு நினைவுகூரத்தக்கது.

2016 செப்டம்பரில், ஐபோன் 7 முன்பதிவு தொடங்குவதற்கு முந்தைய நாள், முதல் வார இறுதிக் கணக்கை இனி வெளியிடப் போவதில்லை என்று ஆப்பிள் அறிவித்தது. முதல் ஆர்டர் வருவதற்கு முன்பே சரக்கு முழுவதும் விற்றுவிடும் என்பது தங்களுக்குத் தெரியும் என்றும், தொடக்க விற்பனையைத் தீர்மானிப்பது தேவையல்ல, இருப்பே என்றும், எனவே அந்த எண் முதலீட்டாளர்களுக்கோ வாடிக்கையாளர்களுக்கோ உண்மை நிலையை உணர்த்தாது என்றும் அந்நிறுவனம் விளக்கம் அளித்தது. 2018-ஆம் ஆண்டின் இறுதியில் காலாண்டு விற்பனை எண்ணிக்கையை வெளியிடுவதையும் அது நிறுத்திக்கொண்டது.

இப்போது நிலைமை வேறு. தமிழகத்தின் ஸ்ரீபெரும்புதூர் உள்ளிட்ட இடங்களில் ஐபோன்கள் தயாராகின்றன. 2023 செப்டம்பரில் ஐபோன் 15 வெளியானபோது, இந்தியாவில் தயாரானவை முதல் நாளிலேயே கடைகளுக்கு வந்தன. அதே நாளில் தில்லி சாகேத்திலும் மும்பையிலும் ஆப்பிள் கடைகளின் முன் அதிகாலையிலேயே நீண்ட வரிசை காணப்பட்டது. சரக்கு இருந்தும் வரிசை நிற்கிறது என்றால், அந்த வரிசையில் ஆர்வமும் இருக்கிறது, பழைய தட்டுப்பாடுகள் ஏற்படுத்திய அச்சமும் இருக்கிறது எனலாம்.

எது விற்பனை?: செல்பேசி விற்பனை குறித்து வெளியாகும் எண்கள் அனைத்தும் ஒரே பொருளைக் குறிப்பவை அல்ல. பதிவு செய்தவர்களின் எண்ணிக்கை ஒன்று. முன்பணம் செலுத்தியவர்களின் எண்ணிக்கை மற்றொன்று. ஆலையிலிருந்து விநியோகஸ்தர்களுக்கும் கடைகளுக்கும் அனுப்பப்பட்டவை மூன்றாவது வகை. சந்தை ஆய்வு நிறுவனங்கள் காலாண்டுதோறும் வெளியிடும் கணக்கு பெரும்பாலும் இந்த வகையைச் சேர்ந்தது. வாடிக்கையாளரின் கைக்கு உண்மையில் சென்றடைந்தவை நான்காவது. கடை அலமாரியில் தூங்கும் செல்பேசியும் மூன்றாவது கணக்கில் விற்பனையாகத் தோன்றும். பதிவு செய்துவிட்டு மறந்துபோனவரும் முதல் கணக்கில் வாடிக்கையாளராகத் தோன்றுவார். எந்த எண் பெரிதோ அதுவே விளம்பரத்தில் இடம்பெறுவது வழக்கம்.

இதன் உச்சக்கட்டத்தைத் தலைநகரமும் அதன் சுற்றுப்புறமும் 2016 பிப்ரவரியில் கண்டன. நொய்டாவைச் சேர்ந்த ரிங்கிங் பெல்ஸ் என்ற நிறுவனம் "ஃப்ரீடம் 251" என்ற ஸ்மார்ட்போனை ரூ.251-க்குத் தரப்போவதாக நாளிதழ்களில் பெரிய அளவில் விளம்பரம் செய்தது. தில்லியில் நடந்த அறிமுக விழாவில் பாஜக மூத்த தலைவர் முரளி மனோகர் ஜோஷி பங்கேற்றார். முன்பதிவு தொடங்கிய சிறிது நேரத்திலேயே இணையதளம் முடங்கியது. 7 கோடிக்கும் அதிகமானோர் பதிவு செய்ததாக அந்நிறுவனம் கூறிக்கொண்டது.

இத்தகைய செல்பேசியைத் தயாரிக்கவே அதைப் போலப் பல மடங்கு செலவாகும் என்று இந்திய செல்பேசித் துறைச் சங்கம் மத்திய அரசின் கவனத்துக்குக் கொண்டு சென்றது. பாஜக எம்.பி. கிரீட் சோமையா பகிரங்கமாகச் சந்தேகம் எழுப்பினார். மாநிலங்களவையிலும் குரல் எழுந்தது. இதையடுத்து, முன்பணம் செலுத்திய சுமார் 30,000 பேருக்குப் பணத்தைத் திருப்பித் தருவதாக நிறுவனம் அறிவித்தது. சில ஆயிரம் செல்பேசிகளை வழங்கியதாகப் பின்னர் அது கூறியபோதிலும், கோடிக்கணக்கில் பதிவு செய்தவர்களுக்கு எதுவும் கிடைக்கவில்லை. காஜியாபாத் விநியோகஸ்தர் ஒருவர் அளித்த மோசடிப் புகாரில் நிறுவனத்தின் நிர்வாக இயக்குநர் 2017 பிப்ரவரியில் கைதானார்.

உண்மையான சரக்குடன் நடந்த திடீர் விற்பனைகளையும் இந்த விவகாரத்தையும் ஒரே தட்டில் வைக்க முடியாது. எனினும், ஓர் ஒற்றுமை உண்டு. இரண்டிலும் கவர்ந்திழுத்த எண் முன்னால் வந்தது, இருப்பு எவ்வளவு என்ற விவரம் பின்னால் தங்கிவிட்டது.

கடைவீதியின் குரல்: சென்னை ரிச்சி தெருவைப் போன்று தில்லியில் செல்பேசி வணிகத்துக்குப் பெயர்பெற்றது கரோல் பாக் பகுதியின் கஃபார் மார்க்கெட். இதுபோன்ற கடைவீதிகளுக்குத் திடீர் விற்பனைகள் இரு வகைகளில் சங்கடம் விளைவித்தன. மக்கள் விரும்பிக் கேட்கும் செல்பேசி கடைக்காரருக்குக் கிடைப்பதில்லை. இணையதளத்தில் வாங்கியவர்கள் சிலர் கூடுதல் விலைக்கு மறுவிற்பனை செய்ததால், அதே செல்பேசி உறை பிரிக்காமல் வெளிச்சந்தைக்கு வந்தது. வாடிக்கையாளருக்கோ, அறிவிக்கப்பட்ட விலையில் பொருள் இல்லை, கூடுதல் விலையில் உண்டு என்ற நிலை.

இணையதளங்களுடன் நிறுவனங்கள் செய்துகொள்ளும் பிரத்யேக விற்பனை ஏற்பாடுகள் குறித்த புகாரை 2015 ஏப்ரலில் இந்தியப் போட்டி ஆணையம் தள்ளுபடி செய்தது. அத்தகைய ஏற்பாடுகளால் போட்டிக்குக் குறிப்பிடத்தக்க பாதிப்பு இல்லை என்பது ஆணையத்தின் அன்றைய கருத்து. 2018 டிசம்பர் 26-ஆம் தேதி மத்திய அரசு, அந்நிய நேரடி முதலீட்டு விதிகளில் மாற்றம் செய்தது. தங்கள் தளத்தில் மட்டுமே விற்க வேண்டும் என்று எந்த விற்பனையாளரையும் மின்வணிகச் சந்தை நிறுவனங்கள் கட்டாயப்படுத்தக் கூடாது என்ற நிபந்தனை 2019 பிப்ரவரி 1 முதல் நடைமுறைக்கு வந்தது. ஆனால், செல்பேசி நிறுவனமே தானாக முன்வந்து ஒரு தளத்தைத் தேர்ந்தெடுத்தால் அதைத் தடுக்கும் வாசகம் அதில் இல்லை.

தில்லி வியாபார் மகாசங்கம் என்ற வணிகர் அமைப்பு இதன்பின் போட்டி ஆணையத்தை அணுகியது. 2018-ஆம் ஆண்டில் மட்டும் ஃபிளிப்கார்ட் 67 செல்பேசி மாடல்களையும், அமேசான் 45 மாடல்களையும் பிரத்யேகமாக அறிமுகம் செய்ததாகப் புகாரில் கூறப்பட்டது. 2020 ஜனவரி 13-ஆம் தேதி விசாரணைக்கு உத்தரவிட்ட ஆணையம், 60 நாள்களில் அறிக்கை அளிக்குமாறு தலைமை இயக்குநரைக் கேட்டுக்கொண்டது. அடுத்த மாதமே கர்நாடக உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது. 2021 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் தலையிட மறுத்த பிறகே விசாரணைக்கு வழி பிறந்தது. இரு இணையதளங்களும் சில செல்பேசி நிறுவனங்களும் போட்டி விதிகளை மீறியதாக விசாரணை அறிக்கையில் கூறப்பட்டிருப்பதாக 2024 செப்டம்பரில் செய்தி வெளியானது. 60 நாள் என்ற கெடு நான்கரை ஆண்டுகளாக நீண்டது. நிறுவனங்கள் தவறேதும் செய்யவில்லை என்று மறுத்து வந்துள்ளன. விசாரணையை எதிர்த்து மீண்டும் நீதிமன்றங்களில் வழக்குகள் தொடரப்பட்டன.

நாடாளுமன்றத்தில்: ஜெயந்த் சின்ஹா தலைமையிலான நிதித் துறைக்கான நாடாளுமன்ற நிலைக்குழு, பெரிய தொழில்நுட்ப நிறுவனங்களின் போட்டிக்கு எதிரான செயல்பாடுகள் குறித்த தனது அறிக்கையை 2022 டிசம்பர் 22-ஆம் தேதி தாக்கல் செய்தது. அதில் சுட்டிக்காட்டப்பட்ட பத்து செயல்பாடுகளில் பிரத்யேக விற்பனை ஒப்பந்தங்களும் ஒன்று. பாதிப்பு நேர்ந்த பின்னர் நடவடிக்கை எடுப்பதைவிட முன்கூட்டியே தடுக்கும் சட்டம் தேவை என்று குழு பரிந்துரைத்தது. அதன் தொடர்ச்சியாக 2024 மார்ச்சில் டிஜிட்டல் போட்டி வரைவு மசோதா மக்கள் கருத்துக்காக வெளியிடப்பட்டது.

நுகர்வோருக்கு என்ன பாதுகாப்பு?: வணிகர்களின் புகார் ஒருபுறமிருக்க, ஏமாற்றம் அடைந்த வாடிக்கையாளருக்கு நுகர்வோர் சட்டத்தில் இடம் உண்டா என்பது தனிக் கேள்வி. மின்வணிகத்துக்கான விதிகளில் திருத்தம் செய்து, குறிப்பிட்ட வகை "ஃபிளாஷ் சேல்" விற்பனைகளைத் தடை செய்வதற்கான வரைவை மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 2021 ஜூன் 21-ஆம் தேதி வெளியிட்டது. வழக்கமான தள்ளுபடி விற்பனைகளுக்குத் தடை இல்லை என்றும், தொழில்நுட்பத்தைப் பயன்படுத்தித் தங்களுக்கு வேண்டிய விற்பனையாளர்களுக்கு மட்டும் சாதகமாக நடத்தப்படும் விற்பனைகளே குறிவைக்கப்படுகின்றன என்றும் விளக்கம் அளிக்கப்பட்டது. தொழில் துறையினரிடமிருந்து பலத்த எதிர்ப்பு எழுந்தது. அடுத்து வந்த ஆண்டுகளில் அந்த வரைவு இறுதி வடிவம் பெறவில்லை.

எனினும், வேறு வழியில் விதிகள் வந்தன. 2022 ஜூனில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம், தவறாக வழிநடத்தும் விளம்பரங்களைத் தடுப்பதற்கான வழிகாட்டு நெறிகளை வெளியிட்டது. குறைந்த விலையைக் காட்டி வாடிக்கையாளரை இழுக்கும் தூண்டில் விளம்பரங்களுக்கு அதில் தனிப் பிரிவு உண்டு. எதிர்பார்க்கத்தக்க தேவைக்குப் போதிய சரக்கு இருக்க வேண்டும். தேவை இருப்பை மிஞ்சும் எனத் தெரிந்தால், சரக்கு குறைவாகவே உள்ளது என்பதை விளம்பரத்தில் தெளிவாகக் கூற வேண்டும். தேவையை எடைபோடுவது மட்டுமே நோக்கம் என்றால் அதையும் தெரிவிக்க வேண்டும். விதியை மீறினால் 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி ரூ.10 லட்சம் வரையும், மீண்டும் மீறினால் ரூ.50 லட்சம் வரையும் அபராதம் விதிக்கலாம்.

2023 நவம்பர் 30-ஆம் தேதி மற்றொரு வழிகாட்டு நெறி அறிவிக்கை செய்யப்பட்டது. இணையதளங்களில் வாடிக்கையாளரைத் திசைதிருப்பும் 13 உத்திகள் அதில் பட்டியலிடப்பட்டன. முதலாவதாக இடம்பெற்றிருப்பது போலி அவசரம். ஒரு பொருளுக்கு இல்லாத மவுசு இருப்பதாகக் காட்டுவதும், உண்மையில் இருப்பதைவிடக் குறைவான சரக்கே உள்ளதாகக் கூறி உடனடியாக வாங்கத் தூண்டுவதும் இதில் அடங்கும். இத்தகைய உத்திகள் தங்கள் தளங்களில் உள்ளனவா என்பதை மூன்று மாதங்களுக்குள் தாமாகவே தணிக்கை செய்துகொள்ளுமாறு 2025 ஜூனில் மின்வணிக நிறுவனங்களை ஆணையம் அறிவுறுத்தியது.

மிஞ்சும் கேள்வி: சரக்கு குறைவாக இருப்பதைத் தெரிவிக்க வேண்டும் என்று விதி கூறுகிறது. எத்தனை என்ற எண்ணிக்கையை முன்கூட்டியே அறிவிக்க வேண்டும் என்று அது கூறவில்லை. இருப்பதைவிடக் குறைவாகக் காட்டக் கூடாது என்று மற்றொரு விதி கூறுகிறது. உண்மையில் எவ்வளவு இருந்தது என்ற விவரம் நிறுவனத்தின் கணினியில் மட்டுமே உள்ள நிலையில், அந்த விதி மீறப்பட்டதை வாடிக்கையாளர் எவ்வாறு நிரூபிப்பார்? தனது தளத்தைத் தானே தணிக்கை செய்யும் நிறுவனம் தனக்கு எதிராகவே சான்று அளிக்கும் என்று எதிர்பார்க்கவும் இயலாது.

பங்குச் சந்தையில் புதிய பங்குகளை வெளியிடும் நிறுவனம், விற்பனைக்கு வைக்கப்படும் பங்குகள் எத்தனை, விண்ணப்பங்கள் எத்தனை மடங்கு வந்தன என்ற இரண்டையும் சேர்த்தே வெளியிட வேண்டியுள்ளது. வீட்டு வசதி வாரிய மனைகளுக்கான குலுக்கலிலும் மனைகளின் எண்ணிக்கை முன்னதாகவே அறிவிக்கப்படுகிறது. மாதச் சம்பளத்தில் பாதியையோ முழுவதையுமோ செலவிட்டு வாங்கும் செல்பேசிக்கும் அதே வெளிப்படைத்தன்மையைக் கோருவதில் தவறில்லை. விற்பனை தொடங்கும் முன் இருப்பு எவ்வளவு, முடிந்த பின் பதிவு செய்தவர்கள் எவ்வளவு என்ற இரு எண்களை வெளியிடுவதால் நேர்மையான நிறுவனத்துக்கு இழப்பு ஏதும் இல்லை.

அதுவரை, புதிய செல்பேசி இத்தனை விநாடிகளில் விற்றுத் தீர்ந்தது என்ற அறிவிப்பைக் காணும் வாடிக்கையாளர், எத்தனை செல்பேசிகள் என்று முதலில் கேட்பது நல்லது. அந்த எண்ணிக்கை சொல்லப்படவில்லை என்றால், அவசரப்பட வேண்டிய காரணமும் சொல்லப்படவில்லை என்றே கொள்ளலாம். 4.2 விநாடிகளில் கைநழுவிய ரெட்மி 1எஸ் செல்பேசிகள் ஒரு வாரம் கழித்து, செப்டம்பர் 9-ஆம் தேதி, மேலும் 40,000 விற்பனைக்கு வந்தன. விலை அதே ரூ.5,999.